கேட்டதும் சொன்னதும்: லாஷவே ஏரிக்கரை முகாம்

போன இதழில், கோடை விடுமுறையில் பிள்ளைகளை எங்கே அனுப்புவது என்று கேட்ட ஒருவருக்குப் பதில் எழுதும்போது, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஏரிக்கரை ஒன்றில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1921-இல் தொடங்கிய அட்வாட்டர் முகாமைப் பற்றி, ஏழைப் பிள்ளைகள் நீச்சல் கற்றுக்கொண்ட இடம் என்று போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். மற்ற பதில்களை எல்லாம் விட்டுவிட்டு அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்திருக்கின்றன. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து ஓர் ஆசிரியர்: அம்மா, அந்த முகாமைத் தொடங்கியது யார்? அரசாங்கமா, தொண்டு நிறுவனமா?

ஒரு தேவாலயம். ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் சபை. 1844-இலிருந்து இருக்கிற கறுப்பினத்தவரின் சபை அது. அடிமை முறையை ஆயுதம் எடுத்து எதிர்த்து, 1859-இல் தூக்கில் ஏற்றப்பட்ட ஜான் பிரவுன், கம்பளி வியாபாரியாக அந்த ஊரில் இருந்த நாட்களில் அங்கேதான் வழிபடப் போவார். அவர் வெள்ளைக்காரர். அவருடைய பைபிளை இன்றும் அந்தச் சபையார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சபைக்கு 1899-இல் போதகராக வந்தவர் வில்லியம் டிபெரி. 1870-இல் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் பிறந்தவர். அடிமைகளாக இருந்து விடுதலையான தாய் தகப்பனுக்குப் பிள்ளை. ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பட்டம், ஓபர்லினில் இறையியல் படிப்பு, முடித்த கையோடு ஸ்பிரிங்ஃபீல்டு. அங்கே முப்பத்தொரு வருஷம், 1930 வரை.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தோடு தன் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆள் இல்லை அவர். அது தெற்கிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் வடக்கு நகரங்களுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வந்த காலம். முதல் உலகப்போர் நேரத்தில் அந்த வரத்து பெருவெள்ளம் ஆனது. 1910-க்கும் 1970-க்கும் இடையில் இப்படி இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 60 லட்சம் பேர். ரயிலை விட்டு இறங்குகிறவருக்கு முதலில் வேண்டியது வேலை, அப்புறம் தலைக்கு மேலே ஒரு கூரை. டிபெரியின் சபை வேலை தேடித் தரும் அலுவலகம் நடத்தியது. வேலைக்குப் போகும் இளம்பெண்களுக்குத் தங்கும் விடுதி நடத்தியது. வாடகைக்கு வீடுகள் ஏற்பாடு செய்தது. பையன்களுக்கு ஒரு மன்றம், பெண்பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் வைத்தது. சபையின் இந்தச் சமூக வேலைகள்தான் பின்னாளில் தனி அமைப்பாக வளர்ந்து, ஸ்பிரிங்ஃபீல்டு அர்பன் லீக் என்று ஆனது. முகாம் இன்றைக்கும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

மன்றத்துப் பிள்ளைகள் கோடையில் என்ன செய்வார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் ஏரிக்கரை யோசனை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, நார்த் புரூக்ஃபீல்டு என்ற சின்ன ஊரை ஒட்டி லாஷவே ஏரி. 1921-இல் அதன் கரையில் முகாம் தொடங்கியது. அப்போது அதற்குப் பெயர் செயின்ட் ஜான்ஸ் முகாம்.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அதே 1921-இல், மே 31-ஆம் தேதி இரவும் ஜூன் 1-ஆம் தேதியும், ஓக்லஹோமாவின் டல்சா நகரில் கறுப்பினத்தவர் கடையும் வீடுமாகச் செழித்திருந்த கிரீன்வுட் பகுதியை ஒரு வெள்ளையர் கும்பல் கொளுத்திச் சாம்பலாக்கியது. அதே கோடையில்தான் ஒரு போதகர், பிள்ளைகளுக்குப் படகு விடச் சொல்லிக் கொடுக்க ஏரிக்கரையில் இடம் பிடிக்கிறார். அவரைச் சாது என்று சொல்வார்கள். எனக்கு அது பெரிய துணிச்சலாகத்தான் படுகிறது.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: டிபெரி தொடங்கிய முகாமுக்கு அட்வாட்டர் பெயர் எப்படி வந்தது?

பணத்தோடு வந்தது. 1926-இல் மேரி அட்வாட்டர் என்ற பெண்மணி 25,000 டாலர் நன்கொடை கொடுத்தார். காலஞ்சென்ற தன் தந்தை டாக்டர் டேவிட் ஃபிஷர் அட்வாட்டர் பெயரை முகாமுக்கு வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. வைத்தார்கள். 1926-இல் 25,000 டாலர் என்றால் கட்டடமும் படகுத்துறையும் தாராளமாகக் கட்டலாம்.

டிபெரிக்கு வருத்தம் இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். கணக்குத் தெரிந்த போதகர். பெயர்ப்பலகையைக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கூரையை வாங்கிக்கொண்டார் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அவர் பெயர் பிற்பாடு ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தொடக்கப் பள்ளிக்குச் சூட்டப்பட்டது.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: மாசசூசெட்ஸ் வடக்கு மாநிலம்தானே? அங்கே இனப் பாகுபாட்டுச் சட்டம் கிடையாதே. அப்புறம் எதற்குத் தனி முகாம்?

சட்டம் கிடையாது, சரி. வழக்கம் இருந்தது. தெற்கில் ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பலகை எழுதி மாட்டுவார்கள். வடக்கில் பலகை இருக்காது, ‘இந்த வருஷம் இடம் நிரம்பிவிட்டது’ என்று ஒரு கடிதம் வரும்.

கோடை முகாம் என்பதே வடகிழக்கு மாநிலங்களில் முளைத்த பழக்கம். 1861-இல் கனெக்டிகட்டில் ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கடற்கரையில் கூடாரம் அடித்ததை ஆரம்பமாகச் சொல்வார்கள். 1885-இல் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய டட்லி முகாம் இன்னும் நடக்கிறது. 1877 முதல் நியூயார்க்கின் ஏழைப் பிள்ளைகளைக் கிராமத்துக் காற்று வாங்க அனுப்பும் நிதியும் இருந்தது. நகரம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, காடும் ஏரியும் அவர்களைத் திருத்தும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது நடுத்தர வர்க்க வெள்ளைப் பிள்ளை கோடையில் முகாமுக்குப் போவது ஏறக்குறைய சடங்கு. யூதப் பிள்ளைகளையே பல முகாம்கள் சேர்த்துக்கொள்ளவில்லை, அவர்கள் தங்களுக்கென்று தனியாகத் தொடங்கிக்கொண்டார்கள். கறுப்புப் பிள்ளையின் நிலையைக் கேட்க வேண்டுமா?

‘தனி’ என்றதும் நமக்கு ஒதுக்கி வைத்தது என்றே தோன்றுகிறது. இவர்கள் விஷயத்தில், ஒதுக்கியது ஒருவர், கட்டியது இன்னொருவர். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதக் கூடாது.

கரூரிலிருந்து ஒருவர்: நீச்சல், நீச்சல் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஊரில் கிணற்றில் தள்ளிவிட்டால் தானாக வந்துவிடும். இதற்கு ஒரு முகாமா?

தள்ளிவிட முதலில் ஒரு கிணறு வேண்டுமே ஐயா. அந்தக் கிணற்றில் யார் இறங்கலாம், யார் கூடாது என்று உங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் கணக்கு இருந்திருக்கும். அது வேறு இதழுக்கான விஷயம்.

அமெரிக்காவில் தண்ணீர்க் கணக்கு எப்படி இருந்தது என்று சொல்கிறேன். 1919 ஜூலை 27, சிகாகோ. நல்ல வெயில். மிச்சிகன் ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்புப் பையன் நண்பர்களோடு ஒரு கட்டைத் தெப்பத்தில் மிதந்துகொண்டிருந்தான். கறுப்பர் குளிக்கும் பக்கம், வெள்ளையர் குளிக்கும் பக்கம் என்று அங்கே ஒரு கோடு உண்டு. தண்ணீரில் யார் கோடு போட முடியும்? கரையில் இருப்பவர்களின் மனதில் இருந்த கோடு அது. தெப்பம் அதைத் தாண்டி மிதந்தது. கரையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கல்லெறிந்தார். பையன் தண்ணீரில் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைதுசெய்ய அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்தார். அதிலிருந்து மூண்ட கலவரம் நாள்கணக்கில் நீடித்தது. செத்தவர்கள் 38 பேர், கறுப்பர் 23, வெள்ளையர் 15.

இது நடந்து இரண்டே வருஷத்தில் லாஷவே முகாம். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த பெற்றோர், பிள்ளையை ஏரிக்கு அனுப்பும்போது மனதில் என்ன ஓடியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏரியை விட்டு நீச்சல் குளத்துக்கு வாருங்கள். 1949-இல் செயின்ட் லூயிஸ் நகரம் தன் குளங்களைக் கறுப்பருக்கும் திறந்துவிட்ட முதல் நாளே, ஃபேர்கிரவுண்ட் பூங்கா குளத்தில் கறுப்புப் பிள்ளைகளை வெள்ளையர் கூட்டம் அடித்துத் துரத்தியது. 1964 ஜூனில் ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினில், வெள்ளையருக்கு மட்டுமான விடுதிக் குளத்தில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து இறங்கிப் போராடியபோது, விடுதி முதலாளி குளத்தில் அமிலத்தை ஊற்றினார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரம் இன்னும் ஒரு படி மேலே. சேர்ந்து குளிக்க விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், நகராட்சி தன் குளங்களையே மூடிவிட்டது. எல்லாருக்கும் இல்லை என்றால் பாகுபாடு இல்லையே என்று வாதாடினார்கள். 1971-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றுக்கொண்டது. யாருக்கும் வேண்டாம் என்று மூடினாலும் மூடுவேனே தவிர உன்னோடு ஒரே தண்ணீரில் இறங்க மாட்டேன் என்ற பிடிவாதம், சட்டப்படி சரி என்று ஆகிவிட்டது.

பாட்டிக்கு நீச்சல் தெரியாவிட்டால் அம்மாவைத் தண்ணீர்ப் பக்கமே விட மாட்டாள். அம்மாவுக்குத் தெரியாவிட்டால் மகளுக்கும் அதே கதிதான். அமெரிக்க நீச்சல் சங்கத்தின் அறக்கட்டளை 2017-இல் நடத்திய ஆய்வில், கறுப்பினப் பிள்ளைகளில் 64 சதவீதம் பேருக்கு நீச்சல் அறவே தெரியாது அல்லது அரைகுறையாகத்தான் தெரியும் என்று வந்தது. வெள்ளைப் பிள்ளைகளில் அது 40 சதவீதம். கறுப்பினத்தவர் உடல்வாகு மிதக்காது என்று ஒரு கதை அங்கே வெகுகாலம் உலவியது. உடம்பில் ஒன்றும் இல்லை, உள்ளே விடவில்லை, அவ்வளவுதான்.

ஆக, சொந்த ஏரிக்கரை இருப்பதன் அருமை இங்கேதான். கல்லெறிய ஆளில்லாத தண்ணீரில், சொல்லிக் கொடுக்க ஆளோடு ஒரு பிள்ளை இறங்குகிறது.

அமெரிக்க முகாம்களில் தண்ணீரில் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. என் பேத்தி போன பகல்நேர முகாமில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கரையில் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய வட்டமான அட்டை. நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒரு நிறம், பாதி தெரிந்தவர்களுக்கு ஒரு நிறம், முழுக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நிறம். இறங்கும்போது அட்டையை மாட்ட வேண்டும், ஏறும்போது எடுக்க வேண்டும். யாரும் தனியாக இறங்க முடியாது, ஜோடி சேர்ந்துதான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை விசில். விசில் கேட்டதும் ஜோடி ஜோடியாகக் கையைக் கோத்து மேலே தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். கரையில் இருப்பவர் எண்ணுவார். தண்ணீரில் உள்ள தலையும் பலகையில் உள்ள அட்டையும் ஒத்துப்போனால்தான் மறுபடி விளையாட்டு. என் பேத்தி முதல் வாரம் முழுக்கச் சிவப்பு அட்டை. மஞ்சளுக்கு மாறிய அன்று சாயங்காலம் வீட்டில் யாரையும் தூங்க விடவில்லை.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: அட்வாட்டர் முகாம் கறுப்பினப் பணக்காரர்களின் பிள்ளைகள் போன இடம் என்று படித்தேன். நீங்கள் ஏழைகளுக்கான சேவை போல எழுதியிருக்கிறீர்களே?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். டிபெரி காலத்தில் தொடங்கியது நகரத்து உழைப்பாளிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு. போகப் போக முகாமின் பெயர் பரவி, நியூயார்க், வாஷிங்டன், ஃபிலடெல்ஃபியா என்று பல ஊர்களின் டாக்டர், வக்கீல், பேராசிரியர் வீட்டுப் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். வில்வித்தை, டென்னிஸ், படகு, நாடகம் என்று பெரிய முகாம்களுக்குக் குறையாத ஏற்பாடு. பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பருவம். அட்வாட்டருக்குப் போனவன் என்று சொல்லிக்கொள்வதே ஒரு அந்தஸ்து ஆனது.

அந்த மேல்தட்டின் பெருமையடிப்பு எனக்கும் பிடித்தமானது இல்லை. 1938-இல் ஃபிலடெல்ஃபியாவில் தாய்மார்கள் சேர்ந்து தொடங்கிய ஜாக் அண்ட் ஜில் சங்கம் போலப் பல அமைப்புகள் அந்த வட்டத்தில் உண்டு. யார் உள்ளே, யார் வெளியே என்ற கணக்கும் அங்கே உண்டு.

ஆனால் அந்த டாக்டர் வீட்டுப் பிள்ளையின் பக்கமிருந்தும் பாருங்கள். அப்பாவிடம் பணம் இருக்கிறது. அந்தப் பணத்தால் மெய்ன் மாநிலத்து ஏரிக்கரை முகாம்களில் ஒரு கட்டில் வாங்க முடியாது. வெள்ளையர் மிகுந்த ஊரில் குடியிருந்தால் பள்ளியில் அவன் ஒருவன்தான் கறுப்பு. நல்லது செய்தால் தன் இனத்துக்கே நற்பெயர், தப்புச் செய்தால் தன் இனத்துக்கே கெட்ட பெயர். பத்து வயதுப் பிள்ளைக்கு இது என்ன சுமை! லாஷவே கரையில் கூடாரம் நிறையக் கறுப்புப் பிள்ளைகள். அங்கே ஒருவன் சோம்பேறி, ஒருவன் கோமாளி, ஒருவன் தண்ணீருக்குப் பயந்தவன், ஒருவன் எல்லாப் போட்டியிலும் ஜெயிக்கிறவன். சொல்லிக் கொடுக்கிறவர்களும் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள். சில வாரங்களுக்காவது யாருக்கும் பிரதிநிதியாக இருக்க வேண்டாம். நான் அந்த முகாமை மதிப்பது இதற்காகத்தான். பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை இரண்டு பேருக்கும் அது வேண்டியிருந்தது.

புதுச்சேரியிலிருந்து: நீங்கள் நேரில் போய்ப் பார்த்தீர்களா?

ஏரியைப் பார்த்தேன், முகாமுக்குள் போகவில்லை. மகள் வூஸ்டர் நகரத்தில் இருந்தபோது, ஒன்பதாம் எண் சாலையில் மேற்கே போனால் லெஸ்டர், ஸ்பென்சர் தாண்டி ஈஸ்ட் புரூக்ஃபீல்டு வரும். சாலை ஏரியின் தென்கோடியைத் தொட்டுக்கொண்டு போகிறது. கரையைச் சுற்றி வீடுகள், வீட்டுக்கொரு மரத் துறை, அதில் கட்டிய படகு. முகாம் ஏரியின் வடக்குப் பக்கத்து ஊரில். பிள்ளைகள் தங்கியிருக்கும் இடத்துக்குள் முன்பின் தெரியாத ஆள் போய் எட்டிப் பார்ப்பது அங்கே சரிப்படாது, சரிப்படவும் கூடாது. மருமகன் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார், திரும்பிவிட்டோம்.

கோயம்புத்தூரிலிருந்து இருவர்: 1964-இல் சட்டம் வந்த பிறகு இதுபோன்ற முகாம்களுக்கு நல்ல காலம் வந்திருக்க வேண்டுமே?

நடந்தது நேர்மாறு. விடுதி, உணவகம், திரையரங்கு போன்ற பொது இடங்களில் இனம் பார்த்து விலக்கக் கூடாது என்று 1964-இல் சிவில் உரிமைகள் சட்டம் வந்தது. பழைய கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்கள், இதுவரை மறுக்கப்பட்ட இடங்களுக்குப் போய்ப் பார்க்க ஆசைப்பட்டன. அதில் தப்பு என்ன இருக்கிறது? ஆனால் எதிர்த் திசையில் யாரும் வரவில்லை. வெள்ளைக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கறுப்பினத்தவர் நடத்தும் முகாமுக்கு அனுப்பக் கிளம்பவில்லை. சட்டம் இரண்டு பக்கமும் கதவைத் திறந்தது, கூட்டம் ஒரு பக்கம்தான் நகர்ந்தது.

இதற்குப் பெரிய உதாரணம் மிச்சிகன் மாநிலத்து ஐடில்வைல்டு. 1912-இல் தொடங்கிய ஏரிக்கரை உல்லாச ஊர். கறுப்பினத்தவர் மனை வாங்க முடிந்த மிகச் சில விடுமுறைத் தலங்களில் ஒன்று. சிகாகோவின் புகழ்பெற்ற இதய அறுவை மருத்துவர் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் அங்கே குடியேறினார். அறிஞர் டு பாய்ஸ் மனை வாங்கினார். அதன் பொற்காலத்தில் லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற பெரும் கலைஞர்கள் அங்கே கச்சேரி செய்தார்கள். கோடைக்குக் கோடை ஆயிரக்கணக்கான பேர். 1964-க்குப் பிறகு சில வருஷங்களில் விடுதிகள் வெறிச்சோடிவிட்டன.

அட்வாட்டரிலும் பிள்ளைகள் குறைந்தார்கள், செலவு குறையவில்லை. 1970-களின் நடுவில் முகாமை மூடினார்கள். பிறகு 1980-இல் அர்பன் லீக் மறுபடி திறந்தது. 1982-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் முகாம் சேர்ந்தது.

மூடிக் கிடந்த வருஷங்களில் ஒரு விஷயம் நடக்கவில்லை பாருங்கள், அதுதான் முக்கியம். நிலத்தை விற்கவில்லை. ஏரியோர நிலத்துக்கு வாங்க ஆளா இல்லை? மனை மனையாகப் பிரித்துப் போட்டிருந்தால் வரிசையில் நின்று வாங்கியிருப்பார்கள். முகாமை மறுபடி நடத்தலாம், ஆள் சேர்க்கலாம், கூரை மாற்றலாம். போன ஏரிக்கரையைத் திருப்பி வாங்க எந்தச் சங்கத்தாலும் ஆகாது. பொதுக் காரியத்துக்கு இடம் வைத்திருக்கும் நம் ஊர்ச் சங்கத்துக்காரர்கள் எழுதியிருக்கும் கடிதங்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு சாரணர் ஆசிரியை: பெண்பிள்ளைகளுக்காக வேறு முகாம்கள் உண்டா?

உண்டு. உங்களுக்குப் பிடிக்கிற கதையே ஒன்று இருக்கிறது. ஜோசஃபின் ஹாலவே. இவரும் நாஷ்வில்லின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர்தான், டிபெரிக்கு ஒரு தலைமுறை பின்னால். 1920-களிலேயே பெண் சாரணர் பயிற்சி பெற்றுவிட்டார். கறுப்பினச் சிறுமிகளுக்கு ஒரு குழு அமைக்க 1933-இல் உள்ளூர் சாரணர் மன்றத்தைக் கேட்டார். தனியாகக் குழு நடத்தச் செலவு அதிகம் என்று மறுத்துவிட்டார்கள். அதற்காக அவர் சும்மா இருக்கவில்லை. கையேட்டை வைத்துக்கொண்டு அங்கீகாரம் இல்லாமலே சிறுமிகளுக்கு எல்லாப் பயிற்சியும் கொடுத்தார். 1942-இல் வேறு வழியின்றி அங்கீகாரம் வந்தது. 1955-இல் நாஷ்வில்லுக்குப் பக்கத்தில் மில்லர்ஸ்வில்லில், கறுப்பினச் சிறுமிகளுக்காக அவர் பெயரிலேயே ஹாலவே முகாம் திறந்தது.

மேற்கே கொலராடோவில், டென்வர் நகரத்து ஒய்.டபிள்யூ.சி.ஏ.-வின் கறுப்பினக் கிளை 1920-களிலிருந்து 1945 வரை நிஜோனி முகாம் நடத்தியது. லிங்கன் ஹில்ஸ் என்ற கறுப்பினத்தவரின் மலை விடுமுறைத் தலத்துக்குள்ளே இருந்தது அது. மற்ற ஒய்.டபிள்யூ.சி.ஏ. முகாமில் சேர்த்துக்கொள்ளாததால் வந்த முகாம்.

சேர்ந்தே இருப்போம் என்று முயன்றவர்களும் உண்டு. நியூஜெர்சியில் 1934-இல் தொழிலாளர் குடும்பங்களுக்காகத் தொடங்கிய வோ-சி-கா முகாமில் கறுப்பு, வெள்ளை எல்லாப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில். பாடகர் பால் ராப்சன் வந்து பாடுவார், பந்து விளையாடுவார். ஓவியர்கள் சார்லஸ் ஒயிட், எலிசபெத் கேட்லெட் அங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த 1950-களில் சுற்றுவட்டாரத்தின் பகை முற்றி, 1954-இல் மூடிவிட்டார்கள்.

விருதுநகரிலிருந்து: அட்வாட்டரில் இருந்த பிள்ளைகளில் பின்னால் பெரிய ஆளானவர் யாராவது?

பலர். எனக்குப் பிடித்தவர் கிளிஃபர்ட் அலெக்ஸாண்டர். 1933-இல் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் வளர்ந்தவர், ஹார்வர்டில் படித்தவர். 1977-இல் ஜனாதிபதி கார்ட்டர் அவரைத் தரைப்படைத் துறையின் செயலராக நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். ஒபாமா முதல் முறை பதவியேற்றபோது கவிதை வாசித்த எலிசபெத் அலெக்ஸாண்டர் அவருடைய மகள்.

அவர் பதவியில் இருந்தபோது, ஜெனரலாகப் பதவி உயர்வு பெறவிருந்த கர்னல்களின் பட்டியல் மேசைக்கு வந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. சத்தம் போடவில்லை, அறிக்கை விடவில்லை. பட்டியலைக் கிடப்பில் போட்டார். தகுதியிருந்தும் மேலதிகாரிகளின் பாரபட்சத்தால் மதிப்பெண் குறைக்கப்பட்டவர்கள் இருக்கிறார்களா என்று கோப்புகளை மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். திருத்திய பட்டியல் வந்தது. அதில் புதிதாகச் சேர்ந்திருந்த பெயர்களில் ஒன்று, பின்னாளில் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சரான காலின் பவல்.